வேகம் தெரியாத இசைத்தட்டு

ஊசி தட்டில் இறங்கியதும் கறுப்பாக ஒரு நூல் எழுந்தது.

முதலில் அது தலைமுடி என்றுதான் நட்டு நினைத்தாள். ஆனால் தட்டு சுற்றச் சுற்ற, அந்த நூல் நீண்டு, சுருண்டு, ஊசியின் காலடியில் குவிந்தது. காகிதக் கூம்பிலிருந்து ஓர் அறிவிப்பாளரின் குரல் வந்தது. "இப்போது நேரம்..." என்று தொடங்கியவர், நேரத்தைச் சொல்வதற்குள் கரகரவென்று கரைந்து போனார்.

"நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினான் தம்பி.

நட்டு தட்டை விரலால் அழுத்தி நிறுத்தினாள். கறுப்புச் சுருளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். அது தட்டின் மேல்தோல். அவள் கூம்பில் செருகியிருந்த தையல் ஊசி, குரல் பதிந்திருந்த கோட்டை உழுது எடுத்துவிட்டது.

"பேசிக்கிட்டு இருந்தவர் எங்க போனார்?" என்று தம்பி கேட்டான்.

"இதோ இருக்கார்." நட்டு சுருளை அவன் உள்ளங்கையில் வைத்தாள். "செதுக்கி எடுத்துட்டோம்."

 நல்லவேளை, இது பழைய இரும்புக் கடையில் கிடந்த தட்டு. யாருக்கும் வேண்டாத தட்டு. வேண்டிய தட்டு இன்னும் அம்மாவின் அலமாரியில், போர்வைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

அந்தத் தட்டில் இருந்தது சித்தியின் குரல். அதுபோல இன்னொன்று உலகத்தில் எங்கேயும் கிடையாது.

*

நட்டுவின் உண்மையான பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான். சட்டைப் பையில் எப்போதும் நட்டும் போல்ட்டுமாக வைத்துக்கொண்டு, நடக்கும்போதெல்லாம் கலகலவென்று சத்தம் வருவதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர். தம்பிக்குப் பெயர் சந்தேகம். ஏன், எதற்கு என்று கேட்காமல் அவன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

அப்பாவும் சித்தப்பாவும் ஒரே கப்பலில் வேலை பார்த்தார்கள். வருடத்தில் பாதி நாள் வீட்டில் அம்மா, சித்தி, பிள்ளைகள் மட்டும்தான். கீழே நட்டு வீட்டார். மாடி அறையில் அம்மாவின் தங்கையான சித்தியும், அவள் மகள் குட்டியும்.

குட்டி கைக்குழந்தையாக இருந்தபோது சித்திக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. உயிரைக் காப்பாற்றிய மருத்துவர்களால் குரலைக் காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் பிறகு சித்தி உதடுகளை மட்டும் அசைத்துப் பேசினாள். வீட்டில் எல்லோரும் உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுவாள். மெதுவாகத் தட்டினால் 'வா'. ஒரே ஒரு தடவை பலமாகத் தட்டினால் 'நிறுத்து'.

எல்லாம் பழகிப்போயிருந்தது. எதிர்வீட்டுப் பெண் குட்டியிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும் வரைக்கும்.

"உங்கம்மா குரல் எப்படி இருக்கும்?"

குட்டி வாசலில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். நிற்காமலே பதில் சொன்னாள்.

"எங்கம்மாவுக்குக் குரலே கிடையாதே. பொறந்ததுல இருந்தே கிடையாது."

மாடிப்படியில் சித்தி நின்றுகொண்டிருந்தாள். காயப்போட்ட துணிகளைக் கையில் அள்ளி வைத்திருந்தாள். அவள் முகத்தை நட்டு பார்த்தாள். சித்தி திரும்பி மேலே போனாள். அன்று முழுவதும் கீழே வரவில்லை.

"அவளுக்கா குரல் இல்ல?" என்று அம்மா அடுப்படியில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "தெரு முனையில நின்னு கூப்பிட்டா எனக்கு இங்க காது அடைக்கும். ஒரு தடவை கண்காட்சிக்குப் போனோம். உன் வயசு இருக்கும் அவளுக்கு. அங்க ஒரு கூண்டு வெச்சிருந்தான். உள்ள போய்ப் பாடினா, வெளிய வரும்போது தட்டுல பதிஞ்சு குடுப்பான். போய்ப் பாடிட்டு வந்தா. என்ன பாடினேன்னு கேட்டா சொல்லவே மாட்டேன்னுட்டா."

நட்டு நிமிர்ந்தாள். "அந்தத் தட்டு எங்கம்மா?"

*

அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு ரேடியோக் கடைக்குப் போனாள். கடைக்காரர் தட்டை வாங்கி, ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு மிகவும் மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார். சுடுகிற பாத்திரத்தைக் கொடுப்பதுபோல.

"இது கடையில விக்கிற தட்டு இல்லம்மா. தகரத்து மேல ஒரு பூச்சு, அவ்வளவுதான். ஓரம் பாருங்க, உரிய ஆரம்பிச்சிருக்கு. என் மெஷின் ஊசி ரொம்ப கனம். வெச்சேன்னா ஒரே சுத்துல வழிச்செடுத்துடும். அந்தப் பழி எனக்கு வேண்டாம்."

"கனமில்லாத ஊசின்னா?" என்று நட்டு கேட்டாள்.

"நாலஞ்சு தடவை தாங்கும். அதுவும் சீக்கிரம் கேட்டாத்தான். மழை ஆரம்பிச்சு ஈரம் ஏறிச்சுன்னா பூச்சு தானா உதிர்ந்துடும்."

"எவ்வளவு வேகமா சுத்தணும் மாமா?"

கடைக்காரர் சிரித்தார். "அது பதிஞ்சவனுக்குத்தான் வெளிச்சம். கண்காட்சிக்காரன் மெஷின் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல ஓடும்."

திரும்பும் வழியில் வானத்தின் ஒரு மூலையில் மேகம் திரண்டிருந்தது. நட்டு அதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"நானே ஒண்ணு செஞ்சிடறேம்மா. லேசா."

"செய். ஆனா சித்திகிட்ட மூச்சு விடாதே," என்றாள் அம்மா. "சரியா வந்தா சொல்லிக்கலாம். வரலைன்னா, எதுக்கு அவ மனசை இன்னும் கஷ்டப்படுத்தணும்?"

அதுதான் சரி என்று நட்டுவுக்கும் தோன்றியது.

*

தையல் ஊசியைவிட லேசான ஊசி உலகத்திலேயே இல்லை என்று நினைத்துத்தான் நட்டு முதல் தடவை ஏமாந்தாள். ஊசி லேசுதான். அதன் மேல் உட்கார்ந்திருந்த கூம்பு கனம். அறிவிப்பாளர் சுருளாகிப் போனது அதனால்தான்.

அவள் மறுபடி பழைய இரும்புக் கடைக்குப் போனாள். அந்தக் கடைக்காரரிடம் ஒரு விதி இருந்தது. பிள்ளைகள் குவியலிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் தராசின் மறு தட்டில் அதே எடைக்கு வேறு இரும்பைக் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

அந்த வாரம் அம்மா உடைந்த இரும்பு வாளியைத் தேடினாள். பிறகு பழைய பூட்டைத் தேடினாள். பிறகு, "இந்த வீட்டுல இரும்புக்குக் கால் முளைச்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டுத் தேடுவதையே விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவை இவை: ஒரு மேசை விசிறியின் கனத்த வட்டமான அடிப்பாகம். ஒரு சைக்கிள் பெடல். உடைந்த டேப் ரெக்கார்டரின் மோட்டார். எந்த நிலையத்தையும் பிடிக்காத, ஆனால் ஒலிபெருக்கி நன்றாக இருந்த ரேடியோப் பெட்டி. குவியலின் அடியிலிருந்து, நசுங்கிப்போன ஓர் இசைத்தட்டுக் கருவி. அதன் ஊசியும், ஊசியைத் தாங்கும் விரல்நுனி அளவுப் பெட்டியும் மட்டும் எப்படியோ தப்பியிருந்தன.

பெடலின் அச்சைப் பலகையில் நிமிர்த்தி நிறுத்தி, அதன் மேல் விசிறியின் அடிப்பாகத்தைப் பொருத்தினாள். தள்ளிவிட்டால் சத்தமில்லாமல் வெகுநேரம் சுற்றியது. மோட்டாரையும் அதையும் இணைக்க ஒரு பட்டை வேண்டும். கயிறு வழுக்கியது. ரப்பர் வளையம் அறுந்தது.

நட்டு தம்பியின் கால்சட்டையைப் பார்த்தாள்.

"ஏன் அப்படிப் பார்க்கறே?" என்றான் சந்தேகம்.

"உன் இடுப்பு எலாஸ்டிக் நல்ல அகலம்டா."

அன்றிலிருந்து சந்தேகம் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே கேள்வி கேட்டான்.

ஊசியைத் தாங்கும் கைக்கு அவள் ஒரு குடைக்கம்பியை எடுத்தாள். ஒரு முனையில் ஊசிப் பெட்டி. மறு முனையில் தன் பையிலிருந்த நட்டுகளை ஒவ்வொன்றாகக் கோத்தாள், கம்பி ஏற்ற இறக்கப் பலகைபோல இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக நிற்கும் வரை. பென்சிலின் மேல் அளவுகோலை வைத்து ஒரு தராசு செய்து, ஒரு பக்கத்தில் சட்டைப் பொத்தான்களைப் போட்டு, மறு பக்கத்தில் ஊசியை இறக்கிப் பார்த்தாள். சில பொத்தான்களின் எடைதான். அதற்குமேல் குறைத்தால் ஊசி துள்ளியது.

மோட்டாரின் வேகத்துக்கு ரேடியோவின் குமிழ். இடது பக்கம் திருப்பினால் நிதானம், வலது பக்கம் திருப்பினால் வேகம்.

செதுக்கிய தட்டின் மறுபக்கத்தை வைத்து ஊசியை இறக்கினாள். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு ஊசியின் காலடியைப் பார்த்தார்கள்.

நூல் எழவில்லை.

"இப்போது நேரம் காலை ஏழு மணி," என்றார் அறிவிப்பாளர், தெளிவாக.

"பொய்," என்றான் சந்தேகம். "சாயந்திரம் ஆயிடுச்சு."

*

மறுநாள் சித்தி வேலைக்குப் போயிருந்தாள். மாடியில் குட்டி தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா அலமாரியிலிருந்து தட்டை எடுத்துவந்து, இரண்டு கையாலும் ஏந்தி, கருவியின் மேல் வைத்தாள்.

நட்டு ஊசியை இறக்கினாள்.

முதலில் புஸ்ஸென்று இரைச்சல். பிறகு ஒரு முனகல். யாரோ பாடுவதற்கு முன் சுருதி பார்க்கிறார்கள். ஆனால் அது கீச்சென்று இருந்தது.

"அணில் மாதிரி இருக்கே!" என்றாள் அம்மா.

நட்டு ஊசியைத் தூக்கிவிட்டாள். குமிழை நன்றாக இடது பக்கம் திருப்பி, மறுபடி தொடக்கத்தில் வைத்தாள். இப்போது அதே முனகல், கிணற்றுக்குள் எருமை கத்துவதுபோல வந்தது. தூக்கிவிட்டாள்.

நடுவில் வைத்தாள். முனகல் ஒரு பெண்ணின் குரலாக மாறியது.

"இதுதான்!" என்றாள் அம்மா. பிறகு முகம் மாறியது. "இல்ல... இன்னும் கொஞ்சம் மெல்லிசா இருக்கும்."

நட்டு குமிழை ஒரு மயிரிழை நகர்த்தி வைத்தாள். "இப்ப?"

"இதுவும் சரி மாதிரிதான் இருக்கு."

"முன்னால வந்ததா, இதுவா?"

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எனக்கு ஞாபகம் இல்லடி. கூடவே வளர்ந்தவ. தினம் கேட்ட குரல். எப்படி இருந்துச்சுன்னு எனக்கே தெரியல."

நட்டு ஊசியைத் தூக்கினாள். அதன் நுனியில் கறுப்பாகத் தூள் ஒட்டியிருந்தது. அதை ஒரு தாளில் தட்டினாள். தட்டின் ஓரத்தில், பொரி அளவுக்கு ஒரு பொட்டுப் பூச்சு காணாமல் போயிருந்தது. அதற்குக் கீழே தகரம் மினுங்கியது.

நாலஞ்சு தடவை என்று ரேடியோக் கடைக்காரர் சொன்னார். அதில் பெரும்பகுதியை அவர்கள் வெறும் முனகலைக் கேட்டே தீர்த்துவிட்டார்கள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாமா?" என்றாள் அம்மா.

நட்டு மோட்டாரை நிறுத்தினாள். "வேண்டாம்மா. நம்ம யாருக்கும் தெரியல. தெரியாமலே உழுதுக்கிட்டு இருந்தா, கடைசியில கேட்க ஒண்ணும் இருக்காது."

"அப்ப என்ன செய்யறது?"

"பாடினவங்களுக்குத் தெரியும்ல?"

அம்மா திடுக்கிட்டாள். "கோபப்படுவாடி."

"படட்டும். அவங்க குரல்தானேம்மா அது."

அப்படிச் சொன்னபோதுதான் நட்டுவுக்கு அது உறைத்தது. இதை அவள் எப்போதோ யோசித்திருக்க வேண்டும்.

*

சித்தி புத்தகம் கட்டும் கூடத்தில் வேலை பார்த்தாள். உள்ளே இடுப்பளவு உயரத்துக்குத் தாள் அடுக்குகள். பசை வாளிகள். ஒரு மூலையில் வெட்டும் இயந்திரம் தடால் தடாலென்று இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் வாய் இருந்தும் பயனில்லை. அங்கே எல்லோருமே கையைக் காட்டித்தான் பேசினார்கள்.

சித்தி நீளமான ஊசியால் தாள்களைக் கோத்துக்கொண்டிருந்தாள். நட்டுவைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. உதடுகள் கேட்டன: "குட்டிக்கு என்ன?"

"குட்டிக்கு ஒண்ணும் இல்ல சித்தி. தூங்கறா."

நட்டு மடித்து வைத்திருந்த தாளை மேசையில் விரித்தாள். உள்ளே கறுப்புத் தூள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் அதிலிருந்தே ஆரம்பித்தாள். தட்டு, குடைக்கம்பி, அணில், எருமை, பொரி அளவு உரிந்த பூச்சு. எதையும் விடவில்லை.

சித்தியின் ஊசி பாதித் தாளில் நின்றிருந்தது.

"யாரைக் கேட்டு எடுத்த?" என்றன உதடுகள்.

"அம்மாவை."

"என் குரல். என்னைக் கேட்டியா?"

வெட்டும் இயந்திரம் தடாலென்று இறங்கியது. நட்டு தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல சித்தி. கேட்டிருக்கணும்."

சித்தி நூலைக் கத்தரித்தாள். ஊசியை மேசையில் குத்தி வைத்தாள். பக்கத்திலிருந்த பெண்ணிடம் கையால் ஏதோ சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். அவள் நடையைப் பிடிக்க நட்டு ஓட வேண்டியிருந்தது. தெருவில் தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

*

வீட்டுக்குள் வந்ததும் அம்மா வாயைத் திறந்தாள். "இதோ பாரு, நான்தான் உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு..."

சித்தி ஒரே ஒரு தடவை, பலமாகக் கை தட்டினாள்.

அம்மா நிறுத்திக்கொண்டாள்.

சித்தி கருவியைக் குனிந்து பார்த்தாள். குடைக்கம்பியை, நட்டுகளை, எலாஸ்டிக்கை எல்லாம் பார்த்தாள். பிறகு அதன் மேலிருந்த தட்டை எடுத்து, முந்தானையால் மூடி, மாடிப்படி ஏறத் தொடங்கினாள்.

நட்டு பலகையின் முன்னால் உட்கார்ந்து எலாஸ்டிக்கைக் கழற்றினாள்.

"ஏன் கழற்றறே?" என்று கிசுகிசுத்தான் தம்பி.

"அவங்க வேண்டாம்னா வேண்டாம்தான். இந்தா, உன்னோடது."

"பரவாயில்ல," என்றான் சந்தேகம், கால்சட்டையைப் பிடித்தபடி. "பழகிடுச்சு."

படியில் காலடிச் சத்தம் நின்றது. நட்டு நிமிர்ந்து பார்த்தாள். சித்தி பாதிப் படியில் திரும்பி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ கேட்டியா?" என்றன உதடுகள். "எப்படி இருந்துச்சு?"

அம்மா ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்குப் பொய் வரவில்லை. "கேட்டேன். எது உன் குரல்னு எனக்குத் தெரியல," என்றாள். "மறந்துபோச்சு. என்னை மன்னிச்சுடு."

சித்தி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் தட்டு. வெளியே மழை வலுத்துக்கொண்டிருந்தது. 

வெகுநேரம் கழித்து அவள் எழுந்து இறங்கி வந்தாள். நட்டுவின் முன்னால் உட்கார்ந்து தட்டைக் கருவியின் மேல் வைத்தாள்.

"இன்னும் எத்தனை தடவை தாங்கும்?"

"ஒரு தடவை சித்தி. அதுக்கு மேல சொல்ல முடியாது."

சித்தி மாடியைக் காட்டினாள். "குட்டி வேண்டாம். மோசமா வந்தா, அதுதான் என் குரல்னு நினைச்சுடுவா."

நட்டு தலையசைத்தாள். எலாஸ்டிக்கை மறுபடி மாட்டினாள். பிறகு குமிழை சித்தி பக்கம் நகர்த்தி வைத்தாள். "வேகம் உங்க கையில சித்தி. ஊசியை நான் பார்த்துக்கறேன்."

*

ஊசி இறங்கியது.

இரைச்சல். பிறகு முனகல். எலாஸ்டிக்கைக் கழற்றி மாட்டியதில் வேகம் கூடிப்போய், கீச்சென்று, அணில்போல. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

சித்தி அவசரப்படவில்லை. கழுத்தைச் சாய்த்துக் கேட்டாள். அவள் உதடுகள் அசையத் தொடங்கின. மார்பு ஏறி இறங்கியது. ரேடியோப் பெட்டிக்குள் பாடுகிறவளுடன் சேர்ந்து அவளும் சத்தமில்லாமல் பாடுகிறாள் என்று நட்டுவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் இருவரும் சேரவில்லை. சித்தி மூச்சு எடுப்பதற்கு முன்பே பெட்டி மூச்சு எடுத்துவிட்டது.

சித்தி குமிழை இடது பக்கம் நகர்த்தினாள். கீச்சொலி இறங்கியது. இன்னும் கொஞ்சம். இப்போது பெட்டி பின்தங்கியது, குரல் தடித்தது. தூள் ஊசியைச் சுற்றிச் சேர ஆரம்பித்தது.  சித்தி ஒரு நூலளவு வலது பக்கம் திருப்பினாள்.

பெட்டியும் சித்தியும் ஒரே நேரத்தில் மூச்சு எடுத்தார்கள்.

சித்தியின் கை குமிழின் மேல் அப்படியே நின்றது. அறைக்குள் ஒரு சிறுமியின் குரல், கணீரென்று, கொஞ்சம் திமிராகப் பாடியது:

*தூங்குமூஞ்சி எங்க அக்கா,*
*தூக்கிப் போட்டாலும் முழிக்க மாட்டா!*
*பல்லு தேய்க்கச் சொன்னா மட்டும்*
*படுக்கைக்குள்ள பதுங்கிடுவா!*

அம்மா பட்டென்று கண்ணைத் திறந்தாள். "அடிப்பாவி! இதையா பாடின? அதான் சொல்ல மாட்டேன்னியா?"

சந்தேகம் சிரித்த சிரிப்பில் கால்சட்டையைப் பிடிக்க மறந்தான்.

அப்போது பெட்டி மீண்டும் "பதுங்கிடுவா," என்றது. இன்னொரு முறை, "பதுங்கிடுவா." மறுபடியும், "பதுங்கிடுவா."

சிரிப்பு நின்றது. பூச்சில் ஒரு விரிசல். ஊசி அதில் தடுக்கி, அதே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் தூள் கூடியது. நட்டுவுக்கு அறிவிப்பாளரின் சுருள் ஞாபகம் வந்தது. கையால் தள்ளினால் ஊசி தட்டைக் குறுக்கே கிழித்துவிடும். தூக்கினால் மறுபடி எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது.

"யாரு பதுங்கறா?"

மாடிப்படியில் குட்டி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கன்னத்தில் தலையணைக் கோடு. சித்தி அவளைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. ஆனால் குமிழிலிருந்து கையை எடுக்க முடியாது. கை துளி அசைந்தாலும் வேகம் மாறிவிடும்.

"பதுங்கிடுவா," என்றது பெட்டி, கரகரப்பாக.

நட்டு குடைக்கம்பியின் அருகே முகத்தைக் கொண்டுபோனாள். சில பொத்தான் எடைதானே இது? உதடுகளைக் குவித்து, சூடான பாலை ஆற்றுவதுபோல, மெல்ல ஊதினாள்.

கம்பி அசைந்தது. ஊசி ஒரே ஒரு கோடு தாண்டியது.

*சட்டை எல்லாம் என்னது என்பா,*
*சாக்குப் போக்கு நூறு சொல்வா!*
*சண்டை போட்டா ஓடிடுவா,*
*சாயங்காலம் கட்டிக்குவா!*

குட்டி படியிறங்கி வந்தாள். முதலில் பெட்டியைப் பார்த்தாள். அதற்குள் யார் என்று எட்டிப் பார்த்தாள். பிறகு தன் அம்மாவைப் பார்த்தாள்.

அவள் நினைவு தெரிந்ததிலிருந்து உதடுகளைப் படித்தே வளர்ந்தவள். சித்தியின் உதடுகள் 'சண்டை' என்றன. அறைக்குள் 'சண்டை' என்று கேட்டது. உதடுகள் 'கட்டிக்குவா' என்றன. 'கட்டிக்குவா' என்று கேட்டது.

குட்டி பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அம்மாவின் முன்னால், முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"அம்மா பாடறா," என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

பாட்டு முடிந்தது. சிறிது இரைச்சலுக்குப் பிறகு அதே குரல் சொன்னது: "முடிஞ்சுது. கதவைத் திறங்க, உள்ள வேகுது!"

நட்டு ஊசியைத் தூக்கினாள். மோட்டார் ஓய்ந்தது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே துடைத்தாள்.

"இன்னொரு தடவை போடலாமா?" என்று சந்தேகம் கேட்டான்.

நட்டு தட்டைச் சாய்த்துப் பார்த்தாள். பளபளத்த கறுப்பு, சாம்பல் நிறமாக மங்கியிருந்தது. அவள் சித்தியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். சித்தி பரவாயில்லை என்று அவள் கன்னத்தைத் தட்டினாள். அந்த விரல்களில் குமிழின் வரிகள் பதிந்திருந்தன.

குட்டி பெட்டியின் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு கைகளாலும் அம்மாவின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, இன்னொரு தடவை பாடு. மெதுவா. நான் கூடவே பாடறேன்."

சித்தியின் உதடுகள் முதல் வரியைத் தொடங்கின. குட்டி உற்றுப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாகப் பாடினாள்.

"தூங்குமூஞ்சி... எங்க அக்கா..."

"போச்சு! இனிமே தெருவுக்கே தெரிஞ்சிடும்," என்றாள் அம்மா.

குட்டி நிறுத்தவில்லை. எந்த இடத்தில் மூச்சு எடுக்க வேண்டும் என்று சித்தி விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தாள்.